வாசகர் கேள்வி – பதில்: பாறையை உடைச்சு கேஸ் எடுத்தா கிணத்துத் தண்ணி என்னாகும்?

போன இதழ்ல, கனடாவுல இருந்து நம்ம மலேசிய அரசாங்கத்து எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ் கப்பல்ல கேஸ் ஏத்தி அனுப்புறதைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன். அந்த கேஸ் எப்படி எடுக்கிறாங்க, தண்ணிக்கு என்ன ஆகும்னு கேட்டு நிறைய பேரு எழுதிட்டீங்க. அதனால இந்த இதழ் முழுக்க இந்த ஒரு விஷயத்துக்கே.

கேள்வி: என் மருமகன் கனடாவுல கேஸ் கம்பெனியில வேலை பாக்குறாரு. தண்ணியை அடிச்சு பாறையை உடைக்கிறோம் அத்தை, அதுக்குப் பேரு ஃப்ராக்கிங்னு சொல்றாரு. தண்ணியால பாறையை எப்படிங்க உடைக்க முடியும்? – வாசகி, ஷா ஆலம்

முடியும்மா, அழுத்தம் மட்டும் போதுமான அளவு இருந்தா. சாதாரணமா எண்ணெய், கேஸ் கிடைக்கிற பாறையில பொடிப் பொடியா துளை இருக்கும், ஒரு துளையில இருந்து இன்னொண்ணுக்கு வழியும் இருக்கும், அதனால கிணறு போட்டதும் அதுவா ஓடி வந்துரும், திரெங்கானு கடல்லயும் சரவாக் கடல்லயும் பெரும்பாலும் இந்த வகைதான். ஷேல்னு ஒரு பாறை இருக்கு, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்ன கடலடியில படிஞ்ச சேறு இறுகிக் கல்லானது. அதுக்குள்ள கேஸ் ஏராளமா இருக்கு, ஆனா வெளிய வர வழி கிடையாது, அப்படியே மாட்டிக்கிட்டு கிடக்கும். அந்த வழியை உண்டாக்குறதுதான் உங்க மருமகன் செய்ற வேலை.

முதல்ல நேரா கீழ ரெண்டு மூணு கிலோமீட்டர் துளை போடுவாங்க, அப்புறம் துளையை மெதுவா வளைச்சு படுக்கை வாட்டுல ஷேல் பாறைக்குள்ளயே இன்னும் ரெண்டு மூணு கிலோமீட்டர் கொண்டு போவாங்க. துளைக்குள்ள இரும்புக் குழாய் இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவுல உள்ள இடைவெளியில சிமெண்ட் ஊத்தி அடைப்பாங்க. இந்த சிமெண்டை மனசுல வச்சுக்குங்க, கீழ வர்ற பாதி பதில் இதைப் பத்திதான். அப்புறம் அடியில இருக்கிற குழாய்ல சின்ன வெடி வச்சு ஓட்டை போட்டு, மேல வரிசையா நிக்கிற பம்ப்பு லோரிங்க எல்லாம் ஒரே நேரத்துல தண்ணியும் மணலும் கொஞ்சம் ரசாயனமும் கலந்து உள்ள தள்ளும். காடி டயர்ல நாம அடிக்கிற காத்து 30 சொச்சம் பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்குற கணக்கு), இங்க 9,000, 10,000 பி.எஸ்.ஐ. வரைக்கும் போகும். அந்த அழுத்தத்துல பாறை விரியும், விரிசல் சில மில்லிமீட்டர்தான் இருக்கும் ஆனா நூறு மீட்டருக்கு மேலயும் நீளும். பம்ப்பை நிறுத்தினா விரிசல் திரும்ப மூடிக்கப் பாக்கும், அப்ப உள்ள போன மணல் நடுவுல நின்னு மூட விடாது, அந்தச் சந்து வழியா கேஸ் வரும். ஒரு தடவை இல்ல, படுக்கைக் குழாயைப் பகுதி பகுதியா பிரிச்சு ஒரு கிணத்துல முப்பது நாப்பது தடவை இதையே செய்வாங்க.

இது புதுசு இல்ல. 1947லயே கன்சாஸ்ல சோதனை பண்ணிப் பாத்தாங்க, 1949ல வியாபாரமா ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா ஷேல் பாறையில இது கட்டுப்படியாகும்னு காட்டினவர் டெக்சஸ்காரர் ஜார்ஜ் மிட்செல், பார்னெட் ஷேல்னு சொல்ற இடத்துல பல வருஷம் விடாம முயற்சி பண்ணி 1990கள் கடைசியில வழி கண்டுபிடிச்சாரு. அதோட படுக்கைத் துளை போடுற டெக்னிக்கும் சேர்ந்ததும்தான் அமெரிக்கா உலகத்துலயே பெரிய கேஸ் உற்பத்தி நாடா ஆச்சு.

தண்ணிக் கணக்கையும் சொல்லிடுறேன். ஒரு கிணத்துக்கு ஆரம்ப காலத்துல 15, 20 மில்லியன் லிட்டர் போச்சு, இப்ப கிணறு நீளமாக நீளமாக அதைவிட ரொம்பக் கூடுதலா போகுது. மலேசியாவுல ஒரு ஆளு வீட்டுல ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல புழங்குறோம். 20 மில்லியன் லிட்டர்னா கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேருக்கு ஒரு நாள் தண்ணி. மழை நல்லா பெய்யுற ஊர்ல இது பெரிசா தெரியாது, டெக்சஸ் மாதிரி காய்ஞ்ச ஊர்ல விவசாயியும் கேஸ் கம்பெனியும் ஒரே நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சுறாங்க.

கேள்வி: என்ன ரசாயனம் கலக்குறாங்க? விஷமா? – வாசகர், பாயான் பாரு

மொத்தத்துல 90 சதவீதம் தண்ணி, மிச்சத்துல பெரும்பகுதி மணல், ரசாயனம் அரை சதவீதத்துல இருந்து ரெண்டு சதவீதம் வரைக்கும். சில ரசாயனம் சாதுவானது. கெட்டியாக்குறதுக்குப் போடுற குவார் பசை நம்ம வீட்டுல பொரியல் பண்ற கொத்தவரங்காய் இருக்கே, அதே செடியோட விதையில இருந்து வர்றதுதான், 2012 வாக்குல அமெரிக்காக்காரங்க வாங்கின வேகத்துல ராஜஸ்தான் விவசாயிங்களுக்கு அதோட விலை பல மடங்கு ஏறுச்சு. ஆனா பாக்டீரியாவைக் கொல்ல குளூட்டரால்டிஹைடு, பாறையைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், துரு பிடிக்காம இருக்க வேற சிலது, இதெல்லாம் குடிதண்ணியில கலக்கக் கூடாத சாமான். அரை சதவீதம்தானேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், 20 மில்லியன் லிட்டர்ல அரை சதவீதம்னா ஒரு லட்சம் லிட்டர். எனக்கு இதைவிட வருத்தம் என்னன்னா, பல கம்பெனி சில ரசாயனத்தோட பேரை வியாபார ரகசியம்னு சொல்லி வெளியிடல. கிணத்துல என்ன தேடணும்னு தெரியாம எப்படி டெஸ்ட் பண்றது? அதோட 2005ல அமெரிக்கா கொண்டு வந்த எரிசக்திச் சட்டம், டீசல் கலக்காத ஃப்ராக்கிங்கை, நிலத்தடிக் குடிதண்ணியைக் காப்பாத்துற மத்திய அரசு சட்டத்துல இருந்து விலக்கிருச்சு. ஹாலிபர்ட்டன்ங்கிறது ஃப்ராக்கிங் வேலை செய்ற பெரிய கம்பெனி, அதனால அதை எதிர்க்கிறவங்க இன்னிக்கு வரைக்கும் இந்தச் சட்ட ஓட்டையை ‘ஹாலிபர்ட்டன் ஓட்டை’ன்னுதான் சொல்றாங்க.

கேள்வி: ஐயா, நான் படிவம் 5 பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரு பையன் கேட்டான், ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல பாறை உடையுது, கிணத்துத் தண்ணி நூறு மீட்டர்ல இருக்கு, நடுவுல அவ்வளவு கல்லு இருக்கே, கேஸ் எப்படி மேல வரும் டீச்சர்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. – ஆசிரியை, பட்டர்வொர்த்

டீச்சர், அந்தப் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்க, இந்த விஷயத்துல முக்கியமான கேள்வியே இதுதான், பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இந்த இடத்துலதான் ரெண்டு பக்கமும் தடுமாறுறாங்க.

அவன் சொல்றது சரி. பாறை உடையும்போது வர்ற சின்னச் சின்ன அதிர்வை வச்சு விரிசல் எவ்வளவு உயரம் ஏறுதுன்னு ஆயிரக்கணக்கான தடவை அளந்திருக்காங்க, பெரும்பாலும் நூறு மீட்டர் சொச்சத்துலயே நின்னுருது, 2012ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வுல ஆக உயரமானது 588 மீட்டர்தான். ஆக ரெண்டு கிலோமீட்டர் கீழ உடையுற பாறை நேரா கிளம்பி வந்து கிணத்தைத் தொடுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். கேஸ் கம்பெனிங்க ‘நாங்க தண்ணியைக் கெடுக்கல’ன்னு சொல்லும்போது இதை வச்சுத்தான் சொல்றாங்க.

ஆனா ஒரு விஷயத்தை அவங்க சொல்லாம விடுறாங்க. அந்த ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போற குழாய் எங்க வழியா போகுது? நம்ம தண்ணி இருக்கிற அதே நூறு மீட்டர் வழியாத்தான். கேஸுக்குப் பாறை வழி தேவையில்ல, குழாய் போட்ட துளையே நேர் வழி. குழாய்க்கு வெளிய ஊத்தின சிமெண்ட் சரியா பிடிக்கலன்னா, இல்ல காஞ்சு சுருங்கி முடி அளவு இடைவெளி விழுந்தா, இல்ல குழாய் மரை இணைப்பு கசிஞ்சா, கேஸ் அந்தச் சந்தைப் பிடிச்சு மேல ஏறி தண்ணி இருக்கிற மட்டத்துல பக்கவாட்டுல பரவிரும். அது பெரும்பாலும் ஷேல் கேஸா கூட இருக்காது, நடுவழியில சின்னச் சின்ன அடுக்குல கிடக்கிற கேஸா இருக்கும், துளை போட்டதால அதுக்கு வழி கிடைச்சுருது.

இதுக்கு ஆதாரம் இருக்கு. டியூக் பல்கலைக்கழகத்துக்காரங்க 2011ல பென்சில்வேனியா, நியூயார்க் பக்கம் 60 வீட்டுக் கிணத்துல மீத்தேன் அளந்து பாத்தாங்க, கேஸ் கிணத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற வீட்டுக் கிணத்துல மீத்தேன் சராசரியா 17 மடங்கு கூடுதலா இருந்துச்சு. ஆனா ஃப்ராக்கிங் ரசாயனமோ ஆழத்து உப்புத் தண்ணியோ அதுல கலந்ததுக்கு அடையாளம் இல்ல, அதையும் அவங்களே எழுதினாங்க. 2014ல இன்னும் விரிவா பண்ணின ஆய்வுல, மீத்தேனோட சேர்ந்து வர்ற ஹீலியம், நியான் மாதிரி வாயுக்களை வச்சுத் தடம் பிடிச்சுப் பாத்தா, கெட்டுப் போன கிணறுங்களுக்குக் காரணம் குழாயும் சிமெண்டும்தான், கீழ உடைச்ச பாறை இல்லன்னு தெரிஞ்சுது. பென்சில்வேனியாவுல டிமக்னு ஒரு சின்ன ஊரு, 2009 புத்தாண்டு அன்னிக்கு ஒரு வீட்டுக் கிணத்து மூடி மீத்தேன் வெடிச்சுப் பறந்துச்சு, அங்கதான் இந்தச் சண்டை உலகத்துக்கே தெரிய வந்துச்சு. அந்த மக்களுக்குக் குழாய்த் தண்ணி கொண்டு வர்ற செலவை ஏத்துக்கிறேன்னு கம்பெனி கோர்ட்டுல ஒத்துக்கிட்டது 2022ல, நடுவுல பதிமூணு வருஷம் பாட்டில் தண்ணியும் தொட்டித் தண்ணியுமா ஓட்டினாங்க.

இன்னொண்ணும் அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க டீச்சர், எல்லா இடத்துலயும் ரெண்டு கிலோமீட்டர் இல்ல. வயோமிங்ல பவிலியன்ங்கிற ஊர்ல வெறும் 320 மீட்டர் ஆழத்துலயே ஃப்ராக்கிங் பண்ணியிருக்காங்க, அங்க குடிதண்ணிக் கிணறு 240 மீட்டர் வரைக்கும் போகுது. அந்த மாதிரி இடத்துல நடுவுல கல்லு இருக்குங்கிற வாதமே செல்லாது.

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2015ல வெளியிட்ட முதல் வரைவுல ‘பரவலான பாதிப்புக்கு ஆதாரம் இல்ல’ன்னு ஒரு வரி இருந்துச்சு, அவங்களோட சொந்த விஞ்ஞானக் குழுவே அந்த வரிக்குப் போதுமான கணக்கு இல்லன்னு கேள்வி கேட்டதும் 2016 டிசம்பர்ல வந்த இறுதி அறிக்கையில அதை எடுத்துட்டு, சில சூழ்நிலையில குடிதண்ணி பாதிக்கும்னு போட்டாங்க. ரசாயனம் சிந்துறது, பழுதான கிணறு, நேரா தண்ணி மட்டத்துலயே அடிக்கிறது, சரியா சுத்தம் பண்ணாத கழிவு, கழிவைப் பூச்சு இல்லாத குட்டையில விடுறது, தண்ணி குறைஞ்ச ஊர்ல அள்ளுறது, இதையெல்லாம் அதுல வரிசையா சொல்லியிருக்காங்க. துளை போடுறதுக்கு முன்ன அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு பெரும்பாலான இடத்துல யாரும் அளந்து வைக்கல, அதனாலதான் எத்தனை கிணறு கெட்டுச்சுன்னு ஒரு நாட்டுக் கணக்கு சொல்ல முடியலன்னும் அதே அறிக்கையில இருக்கு.

கேள்வி: பைப்பைத் திறந்து தீக்குச்சி வச்சா தண்ணி எரியுதே, அந்த வீடியோ உண்மையா? வாட்ஸ்அப்ல வந்துச்சு. – வாசகி, செந்தூல்

தீ உண்மைக்கா. எரியுறது தண்ணி இல்ல, தண்ணியில கரைஞ்சிருந்த மீத்தேன் பைப்பு வாயில வெளியேறி எரியுது. ஆனா மீத்தேன் வந்துருச்சுன்னாலே ஃப்ராக்கிங்தான் காரணம்னு சொல்லிட முடியாது, சில ஊர்ல நிலக்கரி அடுக்குல கிணறு தோண்டினாலே இயற்கையா வரும், கேஸ் கம்பெனி வர்றதுக்கு நூறு வருஷம் முன்னவே எரியுற கிணறு இருந்திருக்கு. கொலராடோவுல பிரபலமான ஒரு வீட்டுக் குழாயை அந்த மாநில அதிகாரிங்க சோதிச்சு, அதுல இருந்தது சதுப்புல, நிலக்கரியில நுண்ணுயிர் உண்டாக்குற வகை மீத்தேன்னு சொன்னாங்க, பக்கத்துல இன்னொரு வீட்டுல அந்த வகையும், ஆழத்துல வெப்பத்தால உண்டாகுற வகையும் கலந்து இருந்துச்சு. கார்பன் அணுவோட வகையை அளந்து எது எங்க இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியும். அதனால வீடியோவை நம்பியும் முடிவு பண்ண வேண்டாம், பொய்யின்னும் தள்ள வேண்டாம். மீத்தேன் குடிச்சா உடம்புக்கு விஷம் இல்ல, மூடின ரூம்ல சேர்ந்தாதான் ஆபத்து, காத்துல 5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் கலந்தா ஒரு பொறி போதும்.

கேள்வி: உள்ள அடிச்ச தண்ணி எல்லாம் அப்புறம் எங்க போகுது? – வாசகர், கிள்ளான்

ஐயா, நீங்க கேட்டதுதான் எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயம், ஃப்ராக்கிங்னா எல்லாரும் கீழ உடையுற பாறையையே பேசுறாங்க, மேல வர்ற தண்ணியைப் பத்தி யாரும் பேசுறதில்ல.

உள்ள போனதுல பத்துல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் முதல் சில வாரத்துல திரும்பி வரும், மிச்சம் பாறைக்குள்ளயே தங்கிரும். அப்புறம் கேஸ் வர்ற வருஷம் எல்லாம் கூடவே ஆழத்துத் தண்ணியும் வந்துக்கிட்டே இருக்கும். அது நாம நினைக்கிற தண்ணி இல்ல, கோடிக்கணக்கான வருஷம் பாறைக்குள்ள கிடந்த உப்புத் தண்ணி. கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு, பென்சில்வேனியா மார்செல்லஸ் ஷேல்ல இருந்து வர்றதுல 200 கிராமுக்கு மேலயும் பாத்திருக்காங்க. உப்போட பேரியம், புரோமைடு, பாறையில இயற்கையா இருக்கிற ரேடியம், அதாவது கதிரியக்கப் பொருள், எல்லாம் கரைஞ்சு வரும்.

இதை என்ன செய்யுறது? ஆரம்பத்துல பென்சில்வேனியாவுல ஊரு சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற ஆலைக்கே லோரி லோரியா அனுப்பினாங்க, அந்த ஆலைங்க உப்பை எடுக்கிறதுக்குக் கட்டினது இல்ல, உள்ள வந்த உப்பு அப்படியே ஆத்துக்குப் போச்சு. ஆத்துல இருந்து கீழ உள்ள ஊர்க்காரங்க குடிதண்ணி எடுத்து குளோரின் போட்டா, புரோமைடும் குளோரினும் சேர்ந்து ட்ரைஹேலோமீத்தேன்ங்கிற பொருள் உண்டாகும், நீண்ட காலம் குடிச்சா புற்றுநோய் ஆபத்துன்னு கட்டுப்படுத்தி வச்சிருக்கிற பொருள் அது. 2011ல மாநிலம் கம்பெனிங்களை நிறுத்தச் சொல்லுச்சு, நாடு முழுக்கத் தடை வந்தது 2016ல. சில இடத்துல பூச்சு இல்லாத மண் குட்டையில விட்டாங்க, அது நேரா நிலத்துக்குள்ள இறங்கிரும். நார்த் டகோட்டாவுல உப்புத் தண்ணி கொண்டு போற ஒரு குழாய் 2014 ஆகஸ்ட்ல இருந்து அஞ்சு மாசம் யாரும் கவனிக்காம ஒழுகி, ஏறக்குறைய 110 மில்லியன் லிட்டர் ஓடைக்கும் நிலத்துக்கும் போச்சு, அந்தக் கம்பெனி 2021ல குத்தத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டுச்சு.

இப்ப ஒரு பகுதியைத் திரும்ப அடுத்த கிணத்துக்குப் பயன்படுத்துறாங்க, இல்லன்னா ஆழத்துல வேற ஒரு துளை போட்டு உள்ள தள்ளிடுறாங்க. அந்தத் தள்ளுறதும் சும்மா இல்ல. ஓக்லஹோமாவுல 2009க்கு முன்ன 3 ரிக்டருக்கு மேல நிலநடுக்கம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான், 2015ல மட்டும் கிட்டத்தட்ட 900. எண்ணெய், கேஸ் கிணத்துல இருந்து வந்த கழிவுத் தண்ணியை ஆழத்துல தள்ளித் தள்ளி, உறங்கிக் கிடந்த பிளவு எல்லாம் நழுவ ஆரம்பிச்சுருச்சு, 2016 செப்டம்பர்ல பானிங்கிற ஊர்ல 5.8 அளவுல ஆடுச்சு. அதுக்கப்புறம் தள்ளுற அளவைக் குறைக்கச் சொன்னதும் நடுக்கமும் குறைஞ்சுது.

நமக்குத் தண்ணி கெடுறதுன்னா என்னன்னு தெரியும். 2020 செப்டம்பர்ல சிலாங்கூர் ஆத்துல யாரோ கழிவைக் கொட்டி, சிலாங்கூர், கேஎல் சுத்து வட்டாரத்துல ஒரு மில்லியனுக்கும் மேல வாடிக்கையாளர் கணக்குக்குத் தண்ணி நின்னு, தோங் தூக்கிக்கிட்டு தண்ணி லோரி பின்னாடி வரிசையில நின்னோம். ஆனா அது ஆறு, ஓடுற தண்ணி, கழிவை நிறுத்தினதும் சில நாள்ல கழுவிக்கிட்டுப் போயிருச்சு. நிலத்தடித் தண்ணி அப்படி ஓடாது, வருஷத்துக்குச் சில மீட்டர், சில பத்து மீட்டர் நகர்ந்தாலே பெருசு, உப்போ ரசாயனமோ ஒரு தடவை உள்ள இறங்கிட்டா அதை எடுத்துச் சுத்தம் பண்றது பல வருஷ வேலை, பல இடத்துல முடியாத வேலை. அதனாலதான் கெட்ட பிறகு பாத்துக்கலாம்னு சொல்றவங்களை என்னால ஏத்துக்க முடியல.

கேள்வி: நீங்க போன இதழ்ல எழுதின கனடா கேஸும் இந்த மாதிரிதான் எடுக்கிறாங்களா? அப்ப நமக்கும் அதுல பொறுப்பு இருக்கா? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ஆமா, இந்த மாதிரிதான், பொறுப்பும் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். பெட்ரோனாஸ் 2012ல புரோகிரஸ் எனர்ஜிங்கிற கனடா கம்பெனியை அஞ்சு பில்லியன் கனடா டாலருக்கு மேல கொடுத்து வாங்குச்சு, பிரிட்டிஷ் கொலம்பியாவுல வடக்கு மொன்ட்னிங்கிற இடத்துல கேஸ் நிலம் அதோட வந்துச்சு. கடற்கரையில கிட்டிமாட்ல கட்டின எல்.என்.ஜி. (கேஸைக் குளிர வச்சு திரவமாக்குற) ஆலையில பெட்ரோனாஸுக்கு 25 சதவீதம் பங்கு, 2025 நடுவுல முதல் கப்பல் கிளம்புச்சு.

2015 ஆகஸ்ட்ல அந்த வட்டாரத்துல 4.6 அளவு நிலநடுக்கம், புரோகிரஸ் பண்ணின ஃப்ராக்கிங்தான் காரணம்னு அந்த மாகாணத்து எண்ணெய் எரிவாயு ஆணையமே சொல்லுச்சு. ஓக்லஹோமா மாதிரி கழிவுத் தண்ணியால இல்ல, பாறையை உடைச்சதாலயே வந்தது, அதனால இது உலக அளவுல பேசப்பட்டுச்சு. ஃப்ராக்கிங்குக்குத் தண்ணி தேக்க அவங்க கட்டின ரெண்டு பெரிய மண் அணைக்கு முறையான சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யலன்னு 2017ல தெரிய வந்து பெரிய பேச்சாச்சு. அந்த நிலத்துல தலைமுறை தலைமுறையா வேட்டையும் மீனுமா வாழ்ந்த புளூபெரி ரிவர் பூர்வகுடி மக்கள், காடு வெட்டுறது, ரோடு, கேஸ் கிணறு, எல்லாம் சேர்ந்து எங்க வாழ்க்கையையே அழிச்சுருச்சுன்னு மாகாண அரசு மேல வழக்குப் போட்டு 2021ல ஜெயிச்சாங்க. இது ஒரு கம்பெனி மேல மட்டும் பழி இல்ல, பல கம்பெனி, பல வருஷம் சேர்ந்து பண்ணினது.

பெட்ரோனாஸ் லாபத்துல இருந்துதான் நம்ம பட்ஜெட்டுக்கு வருஷா வருஷம் டிவிடெண்ட் வருது, அந்தப் பணத்துலதான் பிள்ளைங்க படிக்குது, ஆஸ்பத்திரி நடக்குது. அதனால அங்க தண்ணி எவ்வளவு எடுத்தீங்க, எவ்வளவு திரும்ப பயன்படுத்தினீங்க, கிணத்துல எத்தனை கசியுதுன்னு நாமும் கேக்கணும். நம்ம வீட்டுப் பக்கம் நடக்கலன்னு விட்டுட முடியாது.

கேள்வி: இங்க மலேசியாவுல வருமா? – வாசகி, பிறை

பினாங்குத் தீவு கிரானைட் கல்லு மேல நிக்குது, கேஎல் சுண்ணாம்புக் கல்லும் கிரானைட்டும், ரெண்டுலயும் ஷேல் கேஸ் இருக்காது. நம்ம எண்ணெய், கேஸ் பெரும்பாலும் கடலுக்கு அடியில. உங்க வீட்டுத் தண்ணியும் பெரும்பாலும் மூடா ஆத்துல இருந்து வருது, நிலத்தடியில இருந்து இல்ல. நிலத்தடித் தண்ணியை அதிகமா நம்பி இருக்கிறது கிளந்தான்தான், அங்க உள்ளவங்க இந்த மாதிரி எந்தத் திட்டம் வந்தாலும் முதல் ஆளா கேள்வி கேக்கணும்.

கேள்வி: எங்க தாத்தா ஊரு மன்னார்குடி பக்கம். சித்தப்பா இன்னும் அங்க விவசாயம் பாக்குறாரு. மீத்தேன் திட்டம்னு முன்ன பெரிய போராட்டம் நடந்துச்சே, அதுவும் ஃப்ராக்கிங்தானா? திரும்ப வந்தா சித்தப்பா என்ன செய்யணும்? – வாசகர், செராஸ்

தம்பி, அது இதுக்கு நெருங்கின சொந்தம், ஆனா அதே இல்ல. மன்னார்குடியில எடுக்கப் பாத்தது பழுப்பு நிலக்கரி அடுக்குல ஒட்டிக்கிட்டு இருக்கிற மீத்தேன். தண்ணியோட அழுத்தம்தான் அந்த கேஸை நிலக்கரியில பிடிச்சு வச்சிருக்கு, அதனால கேஸ் வேணும்னா முதல்ல தண்ணியை இறைச்சு வெளிய கொட்டணும், மாசக்கணக்குல, வருஷக்கணக்குல. ஃப்ராக்கிங்ல தண்ணியை உள்ள தள்ளுறாங்க, இதுல வெளிய எடுக்கிறாங்க, சில இடத்துல ரெண்டையும் செய்வாங்க. காவிரி வராத வருஷம் எல்லாம் போர் தண்ணியை நம்பி நாத்து விடுற ஊர்ல, கடலும் பக்கத்துல இருக்கிற ஊர்ல, தண்ணியை அப்படி இறைச்சா மட்டம் இறங்கும், கடல் உப்பு உள்ள ஏறும்னு விவசாயிங்க பயந்தது நியாயம்தான். இயற்கை விவசாயத்தைப் பரப்பின நம்மாழ்வார் ஐயா கடைசி வரைக்கும் இதை எதிர்த்து ஊர் ஊரா நடந்தாரு, 2013 டிசம்பர் 30ல பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில அவர் உயிர் போனதும் இந்தப் பிரச்சாரத்துல இருக்கும்போதுதான். தமிழ்நாடு அரசு 2015ல அந்தத் திட்டத்தை நிறுத்துச்சு, 2017ல நெடுவாசல் மக்கள் எண்ணெய், கேஸ் எடுக்கிற ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிரா போராட்டத்துல உக்காந்தாங்க, 2020ல காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா சட்டம் போட்டாச்சு. புதுசா இந்த மாதிரி கிணறு அங்க போட அந்தச் சட்டம் விடாது, ஆனா ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருந்த எண்ணெய்க் கிணறுங்களை அது தொடல.

சித்தப்பாகிட்ட ஒண்ணு சொல்லுங்க, திட்டம் வந்த பிறகு இல்ல, இப்பவே போர் தண்ணியை டெஸ்ட் பண்ணி வைக்கட்டும். முன்ன தண்ணி எப்படி இருந்துச்சுன்னு காட்ட கையில பேப்பர் இல்லன்னா, அப்புறம் கோர்ட்டுல நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம். அரசு அங்கீகாரம் உள்ள லேப்ல கொடுத்து, மொத்த உப்பு, குளோரைடு, புரோமைடு, பேரியம், ஸ்ட்ரோன்ஷியம், கரைஞ்ச மீத்தேன் இதெல்லாம் பாக்கச் சொல்லணும், வெயில் காலத்துல ஒரு தடவை மழைக்கு அப்புறம் ஒரு தடவை, தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னும் குறிச்சு வைக்கணும், அக்கம் பக்கத்து வயல்காரங்களும் சேர்ந்து செஞ்சா இன்னும் நல்லது, ஒருத்தர் பேப்பரைவிட ஊரு பேப்பருக்கு மதிப்பு அதிகம். மீத்தேனுக்குத் தண்ணி பிடிக்கும்போது மட்டும் லேப்காரங்களையே வந்து பிடிக்கச் சொல்லணும், நாமளா சாதாரண பாட்டில்ல பிடிச்சுக் கொண்டு போனா வழியிலேயே கேஸ் பறந்துரும், ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லன்னு வந்துரும்.